கட்டண உச்சவரம்பு கேட்கும் மனுவில் கையெழுத்து வைக்கலாமா?

கேள்வி:

ஐயா, நான் திருகோணமலை உப்புவெளியில் ஆறு அறைகள் கொண்ட சிறிய விடுதி ஒன்றை நடத்துகிறேன். மகள் பெங்களூரில் படிக்கிறாள். ஆடி அமாவாசைக்கு அவள் வந்துபோக, கட்டுநாயக்கா வழியாக நகரத்திலுள்ள முகவர் ஒருவரிடம் டிக்கெட் எடுத்தேன். காசாகவே கொடுத்தேன். இப்போது அந்த விமான நிறுவனத்தைப் பெரிய நிறுவனம் ஒன்று எடுத்துக்கொள்ளப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. முகவரைக் கேட்டால் "பார்ப்போம் அக்கா" என்கிறார். டிக்கெட் செல்லுமா?

இன்னொன்று. டிக்கெட் எடுத்த அன்று காலையில் ஒரு விலை, மாலையில் அதைவிட ஒன்பதாயிரம் ரூபாய் கூடுதல். கொழும்பு பஸ்ஸுக்கு அரசு கட்டணம் நிர்ணயிக்கிறது. விமானத்துக்கு மட்டும் ஏன் முடியாது? நிறுவனங்கள் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டே போனால் எங்கள் கதி என்ன? எங்கள் பகுதி வர்த்தகர்கள் சிலர், கட்டணத்துக்கு உச்சவரம்பு வேண்டும், இங்குள்ள சீனன்குடா ஓடுபாதையிலிருந்து விமானம் வேண்டும் என்று மனு ஒன்று எழுதிக் கையெழுத்துச் சேர்க்கிறார்கள். நானும் வைக்கலாமா?

உப்புவெளி வாசகி

பதில்:

அன்பின் சகோதரி,

மகளின் டிக்கெட்டை முதலில் பார்த்துவிடுவோம். மனு இரண்டு நாள் காத்திருக்கும், டிக்கெட் காத்திருக்காது.

ஒரு விமான நிறுவனம் இன்னொன்றோடு இணைவது வேறு, முறிந்து விழுவது வேறு. இணையும்போது, வாங்குகிறவர் சொத்தோடு பொறுப்புகளையும் ஏற்றுக்கொள்கிறார். விற்ற டிக்கெட்டும் அந்தப் பொறுப்புகளில் ஒன்று. இந்தியாவில் 2024 நவம்பர் 12 அன்று விஸ்தாரா, எயார் இந்தியாவுக்குள் இணைந்தது. அதற்குப் பிந்திய நாட்களுக்கு விஸ்தாரா டிக்கெட் வைத்திருந்தவர்கள் எயார் இந்தியா பயணிகளாகப் பறந்தார்கள். விமான இலக்கம் மாறியது, டிக்கெட் செத்துப்போகவில்லை. ஆனால் ஜெட் எயார்வேஸ் 2019 ஏப்ரலிலும், கோ பர்ஸ்ட் 2023 மே மாதத்திலும் பறப்பதை நிறுத்தியபோது நடந்தது வேறு கதை. அங்கே பயணி ஒரு கடன்காரருக்குக் காசு கொடுத்தவராகிவிட்டார். வங்கி, விமானத்தை வாடகைக்குக் கொடுத்தவர், எரிபொருள் விற்றவர் என்று நீளும் வரிசையின் கடைசியில் அவர் நின்றார். நீங்கள் எழுதிய நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை. இணைப்புப் பேச்சு என்ற அளவில் நீங்கள் பயப்பட ஒன்றுமில்லை. காசாகக் கொடுத்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இன்றைக்கே முகவரிடம் போய் டிக்கெட் இலக்கத்தைக் கேளுங்கள். ஆறு எழுத்துகளும் எண்களும் கலந்த குறியீடு ஒன்றை நீட்டுவார். அது முன்பதிவுக் குறியீடு மட்டும்தான், பணம் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்ததற்கு அது அத்தாட்சி ஆகாது. வழமையான நிறுவனங்கள் வெளியிடும் டிக்கெட்டுக்குப் பதின்மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் மூன்று இலக்கங்கள் எந்த நிறுவனம் வெளியிட்டது என்பதைச் சொல்லும்: 603 என்றால் ஶ்ரீலங்கன், 098 என்றால் எயார் இந்தியா. மலிவுக் கட்டண நிறுவனங்கள் சில இந்த எண்ணைத் தருவதில்லை. அப்படியானால் நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்தில் அந்தக் குறியீட்டையும் மகளின் குடும்பப் பெயரையும் போட்டு, 'உறுதி செய்யப்பட்டது' என்று வருகிறதா என்று நீங்களே பாருங்கள்.

அதே பக்கத்தில் தொடர்பு இலக்கம் என்ற இடத்தில் யாருடைய தொலைபேசி இருக்கிறது என்பதையும் பாருங்கள். பத்தில் ஒன்பது டிக்கெட்டில் அங்கே முகவரின் இலக்கம்தான் இருக்கும். நிறுவனங்கள் இணையும்போது அட்டவணை இரண்டு மூன்று தடவை மாறும், அறிவித்தல்கள் எல்லாம் அந்த இலக்கத்துக்கே போகும். முகவர் கடையைப் பூட்டிவிட்டு மடுவுக்குப் போயிருந்தால் உங்களுக்குச் செய்தி வராது. மகளின் இலக்கத்தையும் மின்னஞ்சலையும் போடச் சொல்லுங்கள். நேரம் மாறியதாகச் செய்தி வந்தால், 'ஏற்றுக்கொள்கிறேன்' என்பதை அவசரப்பட்டு அழுத்த வேண்டாம். அழுத்தினால், வேறு விமானம் கேட்கவும் முழுப் பணத்தைத் திருப்பிக் கேட்கவும் உங்களுக்கிருக்கும் வழி அடைபட்டுப்போகும்.

இந்திய நிறுவனமென்றால் அந்நாட்டு ஒழுங்குவிதி ஒன்றும் கைகொடுக்கும். விமானத்தை அவர்களே இரத்துச் செய்தால் மாற்று விமானமோ முழுப் பணமோ தர வேண்டும். முன்கூட்டி அறிவிக்கவும் தவறினால் பறக்கும் நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500 அல்லது 10,000 இந்திய ரூபாய் நட்டஈடு. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து அதைவிடக் குறைவானால் அந்தக் குறைந்த தொகைதான். புயல், மூடுபனி, கலவரம் போன்றவற்றுக்கு நட்டஈடு இல்லை. அடுத்த முறை கடனட்டையில் கட்டுங்கள். கிடைக்காத சேவைக்குப் போன பணத்தை உங்கள் வங்கி வழியாகவே மீளக் கேட்கலாம். கோ பர்ஸ்ட் விழுந்தபோது காசாகக் கொடுத்தவருக்கு அந்த வழி இருக்கவில்லை.

இனி அந்த ஒன்பதாயிரம் ரூபாய்.

நான் விமான நிறுவனமொன்றின் கட்டணப் பிரிவில் வேலை பார்த்தவன், அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். 180 இருக்கைகள் கொண்ட விமானத்தில் 180 பேரும் ஒரே விலை கொடுத்து ஏறுவதில்லை. இருக்கைகளைப் பத்துப் பன்னிரண்டு அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்குக்கும் ஆங்கில எழுத்தொன்றைப் பெயராக வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை போடுவார்கள். கீழ் அடுக்கில் சில இருக்கைகள்தான் இருக்கும். அவை தீர்ந்ததும் அடுத்த அடுக்கு திறக்கும். காலையில் நீங்கள் பார்த்தபோது கீழ் அடுக்கில் ஒன்றிரண்டு மிஞ்சியிருக்கும். மத்தியானம் ஒரு குடும்பம் நான்கு டிக்கெட் எடுத்திருக்கும். மாலையில் நீங்கள் பார்த்தது அடுத்த அடுக்கின் விலை. நல்லூர்த் திருவிழாவும் பள்ளி விடுமுறையும் வெளிநாட்டு உறவினர் வருகையும் ஒன்றாக வரும் ஜூலை, ஓகஸ்ட்டில் கீழ் அடுக்குகளைத் திறக்கவே மாட்டார்கள். இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. எரிச்சல் மட்டும் உண்டு.

அந்தப் பிரிவில் இருப்பவர் தம் விமானத்தின் நிலவரத்தோடு, அதே பாதையில் பறக்கும் மற்றவரின் விலையையும் திரையில் பார்த்துக்கொண்டே இருப்பார். ஐந்து பேர் பறக்கும் பாதையில் யாராவது ஒருவர் இறக்குவார், மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இறக்குவார்கள். இரண்டு பேர் மட்டும் பறந்தால் ஒருவர் ஏற்றுவதை மற்றவர் கவனித்து அமைதியாகப் பின்தொடர்வார். பேசிக்கொள்ளவே தேவையில்லை. 1982 இல் அமெரிக்கன் எயார்லைன்ஸின் தலைவர் ரொபர்ட் கிரண்டல், போட்டி நிறுவனமான பிரானிஃபின் தலைவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, நீ கட்டணத்தை 20 சதவீதம் ஏற்று, நானும் மறுநாள் காலையே ஏற்றுகிறேன் என்று சொன்னார். மறுமுனையில் இருந்தவர் அதைப் பதிவு செய்து வைத்திருந்தார், விவகாரம் நீதிமன்றம் வரை போனது. அதன் பிறகு யாரும் தொலைபேசியில் பேசவில்லை. கட்டணங்களைக் கணினியில் வெளியிடும்போது, 'இன்ன திகதியிலிருந்து' என்ற சிறு குறிப்பின் மூலம் ஒருவருக்கொருவர் சைகை காட்டினார்கள் என்று அமெரிக்க நீதித்துறை 1992 இல் எட்டு நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுத்தது. அந்தப் பழக்கத்தை விடுவதாக 1994 ஆம் ஆண்டளவில் எல்லோரும் உடன்பட்டு வழக்கை முடித்துக்கொண்டார்கள்.

ஆகவே இணைப்பைப் பற்றிய கேள்வியில், நாட்டில் எத்தனை நிறுவனங்கள் இருக்கின்றன என்று எண்ணுவதில் பயனில்லை. உங்கள் பாதையில் எத்தனை என்று எண்ண வேண்டும். இந்தப் பதிலில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

அமெரிக்காவில் 2008 இல் டெல்டா நோர்த்வெஸ்ட்டையும், 2010 இல் யுனைடெட் கொன்டினென்டலையும், 2011 இல் சவுத்வெஸ்ட் எயார்ட்ரானையும் எடுத்துக்கொண்டன. 2013 இல் அமெரிக்கன், யூஎஸ் எயார்வேஸுடன் சேர்ந்தது. உள்நாட்டுப் பயணத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நான்கு நிறுவனங்களின் கைக்கு வந்தது. நியூயோர்க்கில் இருப்பவருக்கு இன்றும் தேர்வு உண்டு. அடி விழுந்தது மெம்பிஸ் போன்ற நகரங்களுக்கு. நோர்த்வெஸ்ட்டின் பயணிகள் விமானம் மாறும் மையமாக இருந்த அந்த நகரத்துக்கு அட்லாண்டாவை வைத்திருந்த டெல்டாவின் கணக்கில் இடமில்லை. 2013 இல் மையத்தையே மூடிவிட்டார்கள். திருகோணமலைக்காரர்களாகிய நாம் எப்போதும் மெம்பிஸ் பக்கத்தில்தான் நிற்கிறோம் என்பதால் இதைச் சொல்கிறேன்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. எல்லா இணைப்பையும் தடுத்தால் பயணி பிழைத்துக்கொள்வார் என்பதும் உண்மையல்ல. ஜெட்புளூ, ஸ்பிரிட் என்ற மலிவுக் கட்டண நிறுவனத்தை 380 கோடி டொலருக்கு வாங்கப் போனது. 2024 ஜனவரியில் நீதிமன்றம் தடுத்தது. ஏழைப் பயணிக்கு மலிவான இருக்கை இல்லாமல் போகும் என்பது தீர்ப்பின் சாரம். ஆனால் அதே ஆண்டு நவம்பரில் ஸ்பிரிட் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. 2025 ஓகஸ்ட்டில் இரண்டாவது தடவையும் போனது. மூழ்குகிறவரைக் கரைக்கு வரவிடாமல் தடுத்துவிட்டு, போட்டி காப்பாற்றப்பட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தீர்ப்பு பிழை என்றும் சொல்லமாட்டேன்.

நல்ல ஒழுங்குபடுத்தல் எப்படியிருக்கும் என்று கேட்டால் எனக்குப் பிடித்த உதாரணம் சிங்கப்பூர். விஸ்தாராவில் சிங்கப்பூர் எயார்லைன்ஸுக்குப் பங்கு இருந்தது. ஆகவே அந்த இணைப்புக்குச் சிங்கப்பூரின் போட்டி ஆணையத்தின் சம்மதமும் தேவைப்பட்டது. ஆணையம் 2024 இல் சம்மதித்தது, ஆனால் சும்மா சம்மதிக்கவில்லை. பாதை பாதையாக எடுத்துப் பார்த்தது. டெல்லி, மும்பாய், சென்னை, திருச்சி ஆகிய நான்கு பாதைகளிலும் கோவிட்டுக்கு முன்னிருந்த அளவுக்கு இருக்கைகள் தொடர வேண்டும், அதை வெளியார் ஒருவர் கணக்காய்வு செய்ய வேண்டும் என்ற உறுதிமொழியைப் பெற்றுக்கொண்டுதான் கையெழுத்து வைத்தது. திருச்சிப் பயணியின் பெயரும் அந்தக் காகிதத்தில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். கட்டணம் இவ்வளவுதான் என்று அவர்கள் எழுதவில்லை. இருக்கையைக் குறைக்காதே என்று எழுதினார்கள். இருக்கை குறையாவிட்டால் விலை தாறுமாறாக ஏறுவது கடினம்.

இப்போது உங்கள் பஸ் கேள்விக்கு வருகிறேன். நல்ல கேள்வி, பலரும் கேட்பது.

தேசிய போக்குவரத்து ஆணைக்குழு கொழும்பு பஸ்ஸின் கட்டணத்தை நிர்ணயிக்கும்போது அதோடு இன்னொன்றையும் செய்கிறது: யார் ஓடலாம் என்று வழித்தட அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது. இரண்டும் சேர்ந்தே வரும். விலையைக் கட்டிவைத்துவிட்டு யாரும் ஓடலாம் என்று விட முடியாது. ஓடுகிறவருக்கு வருமான உத்தரவாதம் கொடுக்காமல் விலையைக் கட்டவும் முடியாது. பஸ்ஸுக்கு இது ஓரளவு பொருந்துகிறது. இடையில் ஆள் ஏறலாம், இறங்கலாம், கந்தளாயில் காலியான இருக்கை ஹபரணையில் நிரம்பும், நின்றுகொண்டும் போகலாம். விமானத்தில் காலியாகப் போன இருக்கை காலியாகப் போனதுதான்.

இதை உலகமே ஒருமுறை செய்து பார்த்தது. அமெரிக்காவில் 1938 இலிருந்து நாற்பது ஆண்டுகள், யார் எங்கே பறக்கலாம், என்ன விலை என்று அரசு சபை ஒன்றே தீர்மானித்தது. அந்தக் காலம் முழுவதும் பெரிய பாதைகளுக்குப் புதிய நிறுவனம் ஒன்றைக்கூட அச்சபை உள்ளே விடவில்லை. விலையில் போட்டி போட முடியாதவர்கள் சாப்பாட்டில் போட்டி போட்டார்கள். அட்லாண்டிக் பாதையிலும் விமான நிறுவனங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு வைத்ததுதான் விலை. அங்கே மலிவு வகுப்புக்குச் சாண்ட்விச் மட்டுமே கொடுக்கலாம் என்று 1958 இல் விதி இருந்தது. ஸ்கண்டிநேவிய நிறுவனம் அந்தப் பெயரில் இறைச்சியும் பாலாடைக்கட்டியும் குவித்துத் தட்டு நிறையப் பரிமாறியது. பான் அமெரிக்கன் முறைப்பாடு செய்தது. சாண்ட்விச் என்பது எளிமையாக, ஆறிப்போனதாக, அலங்காரமில்லாமல் இருக்க வேண்டும் என்று கூட்டமைப்பு தீர்ப்பளித்து, ஸ்கண்டிநேவியருக்கு 20,000 டொலர் தண்டம் விதித்தது. உச்சவரம்பு கேட்கும் நம் வர்த்தகர்களுக்கு இந்தச் சாண்ட்விச் வழக்கை யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். 1978 ஒக்டோபரில் ஜனாதிபதி கார்ட்டர் கட்டுப்பாட்டை நீக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார், அந்தச் சபையே 1984 முடிவில் கலைக்கப்பட்டது. கட்டணம் இறங்கியது. இன்று நாம் முறைப்பாடு செய்யும் கட்டணம்கூட அந்தக் காலத்துச் சாதாரண குடும்பத்துக்கு எட்டாக்கனி.

அண்மைய உதாரணம் இந்தியா. கோவிட் காலத்தில், 2020 மே மாதத்திலிருந்து 2022 ஓகஸ்ட் வரை, உள்நாட்டுக் கட்டணத்துக்கு அரசு மேல் எல்லையோடு கீழ் எல்லையும் வைத்தது. கீழ் எல்லை என்றால் இதற்குக் குறைத்து விற்காதே என்று பயணிக்கு எதிராகப் போட்ட வேலி. நலிந்த நிறுவனங்கள் விழுந்துவிடக் கூடாதே என்ற கவலை அதன் பின்னால் இருந்தது. விலைக்கட்டுப்பாடு தொடங்கினால் அது யார் பக்கம் சாயும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

2025 டிசெம்பரில் இந்தியாவில் நடந்ததையும் நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். மனுவின் யோசனையும் அங்கிருந்துதான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். விமானிகளுக்கு வாராந்த ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக்கி, இரவில் இறங்கும் தடவைகளை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்த விதிகள் நவம்பர் 1 இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. அங்குள்ள மிகப் பெரிய நிறுவனமான இன்டிகோ அதற்குத் தேவையான விமானிகளை வைத்திருக்கவில்லை. டிசெம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்கள் இரத்தாயின. மற்ற நிறுவனங்களின் விலை வானத்தைத் தொட்டது. அரசு மறுநாள் தலையிட்டு, 500 கிலோமீற்றர் வரை 7,500 இந்திய ரூபாய், அதிலிருந்து படிப்படியாக 1,500 கிலோமீற்றருக்கு மேல் 18,000 என்று உச்சவரம்பு போட்டது. அவசர காலத்துக்கு அது சரியான மருந்து. நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஆனால் அதே வாரம் நடந்த மற்ற விடயத்தை யாரும் மனுவில் எழுதுவதில்லை. விதியை மீறிய நிலையில் நின்ற நிறுவனத்துக்கே, அந்த இரவு விதியிலிருந்து தற்காலிக விலக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. வேறு வழியில்லை. உள்நாட்டுப் பயணிகளில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்ட ஒருவர் கையில் இருந்தால், அவரை நிறுத்தினால் நாடே நின்றுவிடும். இணைப்பும் ஒருவரின் பெருக்கமும் தரும் ஆபத்தில் கட்டணம் சின்னப் பகுதி. ஒழுங்குபடுத்துகிறவரின் கை கட்டப்பட்டுப்போவதுதான் பெரிய பகுதி. விமானியின் தூக்கம் என்பது பாதுகாப்பு விடயம், அதில் விட்டுக்கொடுக்க நேர்ந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

நம் நாட்டு நிலை இன்னும் வேடிக்கை. 1987 ஆம் ஆண்டின் நியாயமான வர்த்தக ஆணைக்குழுச் சட்டத்தில் நிறுவன இணைப்புகளை விசாரிக்கும் அதிகாரம் இருந்தது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் அதை நீக்கிவிட்டு வந்தது, இணைப்புக்கு முன் அனுமதி பெறும் ஏற்பாடு புதிய சட்டத்தில் இடம்பெறவில்லை. எங்கள் வானத்திலோ அரசே முதலாளி. 1947 இல் தொடங்கிய எயார் சிலோன் 1978 இல் மூடப்பட்டது. 1979 இல் எயார் லங்கா வந்தது, அதுதான் இன்றைய ஶ்ரீலங்கன். 1998 இல் எமிரேட்ஸ் 7 கோடி டொலருக்கு 40 சதவீதம் வாங்கி முகாமைத்துவத்தையும் எடுத்தது. 2008 இல் அந்த ஒப்பந்தம் முடிந்து, 2010 இல் அரசு பங்கை 5.3 கோடி டொலருக்குத் திரும்ப வாங்கியது. 2007 இல் அரசே மிஹின் லங்கா என்று இன்னொன்றைத் தொடங்கி, 2016 இல் அதை ஶ்ரீலங்கனுக்குள் கரைத்தது. வலது கை இடது கையோடு இணைந்தது, கேட்க ஆளில்லை. 2022 ஒக்டோபரில் பிட்ஸ் எயார் வெளிநாட்டுப் பயணிகள் சேவை தொடங்கியபோதுதான் தனியார் போட்டி என்று சொல்லத்தக்க ஒன்று வந்தது.

வெளிநாட்டுப் பாதையில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1944 சிகாகோ உடன்படிக்கையின்படி ஒவ்வொரு நாட்டின் வானமும் அந்நாட்டுக்கே சொந்தம். ஒரு நாட்டிலிருந்து மற்றொன்றுக்கு அட்டவணைப்படி பறக்க இரு அரசுகளும் உடன்பட வேண்டும். ஆகவே பெங்களூர்க் கட்டணத்துக்குக் கொழும்பு மட்டும் தனியாக உச்சவரம்பு போட்டால் பாதிப் பாலம் கட்டிய கதைதான். மனு எழுதியவர்கள் இதை யோசித்ததாகத் தெரியவில்லை.

இதற்கு நேர்மாறாக, வாசலைத் திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு யாழ்ப்பாணத்துப் பலாலியைப் பாருங்கள். 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கோவிட்டால் நின்ற சென்னைச் சேவையை அலையன்ஸ் எயார் 2022 டிசெம்பரில் மீளத் தொடங்கியது. 2024 செப்டெம்பரில் இன்டிகோ அதே பாதைக்கு வந்தது. 2025 மார்ச் இறுதியில் திருச்சிக்கும் பறக்கத் தொடங்கியது. யாரும் விலைக்கு மூடி போடவில்லை, ஒரு பாதைக்கு இரண்டாவது ஆள் வந்தார், அவ்வளவுதான். அடுத்த முறை மகளுக்கு டிக்கெட் எடுக்கும்போது கட்டுநாயக்கா விலையோடு, சென்னை வழியாகப் பலாலி விலையையும் வைத்து ஒப்பிடுங்கள். இங்கிருந்து பலாலிக்கும் கட்டுநாயக்காவுக்கும் தூரத்தில் பெரிய வித்தியாசமில்லை.

சீனன்குடாவுக்கு வருவோம். ஓடுபாதை இருக்கிறது, அது விமானப்படையின் கையில் இருக்கிறது. சினமன் எயாரின் சிறு செஸ்னா விமானங்கள் சுற்றுலாப் பயணிகளைக் கொண்டுவந்து இறக்கியிருக்கின்றன, ஒரு தடவைக்கு எட்டுப் பேர் என்ற கணக்கில். எழுபது இருக்கை விமானம் வர வேண்டுமானால் யாரோ ஒருவர் நட்டத்தைத் தாங்க வேண்டும். உங்கள் விடுதிக்கே தெரியும்: மே முதல் செப்டெம்பர் வரை அறை கிடைக்காது, நவம்பரில் வாடைக்காற்று அடிக்கத் தொடங்கினால் பூனைதான் படுத்திருக்கும். விமான நிறுவனமும் அந்தக் கணக்கைத்தான் பார்க்கும்.

இந்தியாவின் உடான் திட்டம் இதற்கென்றே 2016 இல் வந்தது. சிறு நகரப் பாதையை ஏலத்தில் எடுக்கும் நிறுவனம் பாதி இருக்கைகளை, ஒரு மணி நேரப் பறப்புக்கு ஏறக்குறைய 2,500 ரூபாய் என்ற வரம்புக்குள் விற்க வேண்டும். ஏற்படும் நட்டத்துக்கு அரசு மூன்றாண்டு ஈடு கொடுக்கும், அந்தப் பணம் பெருநகரப் பாதைகளில் விதிக்கும் தீர்வையிலிருந்து வரும். கேட்க இனிக்கிறது. இந்தியக் கணக்காய்வாளர் நாயகத்தின் 2023 அறிக்கை என்ன சொல்கிறது தெரியுமா? ஒதுக்கப்பட்ட 774 பாதைகளில் 371 தான் தொடங்கின. மூன்றாண்டுச் சலுகைக் காலத்தை முடித்தவை 112. அதற்குப் பிறகும் தாக்குப்பிடித்தவை 54. அமெரிக்காவிலோ 1978 இல் பத்து ஆண்டுகளுக்கு என்று தொடங்கிய சிறு நகர மானியம் இன்றுவரை நிற்கவில்லை. ஒன்று பாதை நிற்கிறது, அல்லது மானியம் நிற்காமல் ஓடுகிறது.

ஆகவே மனு இப்போதிருக்கும் நிலையில் கையெழுத்து வைக்காதீர்கள். கிழித்துப்போடச் சொல்லவில்லை, திருத்தச் சொல்லுங்கள். உச்சவரம்பு என்ற பத்தியை எடுத்துவிட்டு, புயல், வெள்ளம், பெருமளவு இரத்து போன்ற அவசர நாட்களில் மட்டும் தற்காலிக வரம்பு விதிக்கும் அதிகாரத்தைக் கேளுங்கள். விமான நிறுவனங்கள் இணையும்போது பாதை பாதையாக ஆராய்ந்து, இருக்கையைக் குறைக்கக் கூடாது என்று நிபந்தனை விதிக்கச் சட்டம் கேளுங்கள், சிங்கப்பூரை எடுத்துக்காட்டி. இரத்தான டிக்கெட்டுக்குப் பணம் எத்தனை நாளில், எவ்வளவு என்று இந்தியாவில் இருப்பதுபோல் எழுத்திலுள்ள விதி கேளுங்கள். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை, முதலில் கிடைக்கக்கூடியதும் இதுதான். சீனன்குடாவுக்கு 'சர்வதேச விமான நிலையம்' என்று கேட்டால், விமானங்கள் வராமல் வெறிச்சோடிய மத்தளை விமான நிலையத்துக்கு நடந்ததை யாராவது உங்களிடம் திருப்பிச் சொல்வார்கள். அதை விட்டு, மே முதல் செப்டெம்பர் வரை, கிழமைக்கு இரண்டு தடவை, பலாலிக்கோ இரத்மலானைக்கோ ஒரு பருவகாலச் சேவை, முதல் இரண்டு ஆண்டுக்கு இறங்கு கட்டணத்தில் கழிவு என்று கேளுங்கள். மானியம் கொடுத்தால் யாருக்கு, எவ்வளவு, எப்போது முடியும் என்பதை வெளியிட வேண்டும் என்ற வரியும் இருக்கட்டும்.

மனுவை அமைச்சருக்கு அனுப்பி, பிரதியைச் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபைக்கும் மாவட்டச் செயலகத்துக்கும் கொடுங்கள். கையெழுத்துகள் ஆயிரம் இருந்தாலும் விமான நிறுவனக்காரர் அவற்றைப் புரட்டிப் பார்க்கமாட்டார். உங்கள் விடுதிப் பதிவேட்டில் மாதவாரியாக எத்தனை பேர் வந்தார்கள், எந்த நாட்டிலிருந்து, எந்த விமான நிலையத்தில் இறங்கி வந்தார்கள் என்ற கணக்கு இருக்கிறதல்லவா? உப்புவெளி, நிலாவெளி விடுதிக்காரர்கள் இருபது பேர் அந்தக் கணக்கை, விருந்தினரின் பெயர்களை நீக்கிவிட்டு, ஒரே தாளில் சேர்த்து மனுவோடு இணைத்தால், அதை அவர் கட்டாயம் வாசிப்பார். பருவம் முடிந்து அறைகள் ஓய்ந்திருக்கும் ஒக்டோபரில் அந்த வேலையைத் தொடங்குங்கள். நிறுவனங்கள் அடுத்த கோடை அட்டவணையை முடிவு செய்வதும் ஏறக்குறைய அந்த மாதங்களில்தான்.